பிளாக்ஜாக்: வகுத்தல் இல்லாமல் சீட்டு எண்ண எந்த முறை நல்லது?

ஜனவரி 11, கேள்வி

எந்தக் கைக்கு என்ன செய்வது என்ற அடிப்படை ஆட்டம் அட்டவணை பார்க்காமலே வருகிறது. 6 கட்டு ஷூவில்தான் (ஆறு கட்டைச் சேர்த்துக் கலைத்து வைக்கும் பெட்டி) ஆடப்போகிறேன். ஹை-லோ, நாக்-அவுட், ரெட் செவன், ஏஸ்-ஃபைவ் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மேசையில் உட்கார்ந்துகொண்டு வகுத்தல் கணக்குப் போட எனக்கு வராது. எளிதாகவும் இருக்க வேண்டும், வேலைக்கும் ஆக வேண்டும். எது?

ஜனவரி 11, இரவு, பதில்

நாக்-அவுட். மற்றதை யோசிக்கவே வேண்டாம்.

2 முதல் 7 வரை எது வந்தாலும் +1. 8, 9 வந்தால் ஒன்றுமில்லை. 10, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் வந்தால் −1. ஹை-லோவும் கிட்டத்தட்ட இதேதான், அதில் 7 மட்டும் பூஜ்யம். ஒரு கட்டில் நாலு 7 இருக்கிறது அல்லவா, அதனால் நாக்-அவுட்டில் ஒரு கட்டை முழுக்க எண்ணி முடித்தால் 0 வராது, +4 வரும். அந்த நாலுதான் உங்களை வகுத்தலிலிருந்து காப்பாற்றுகிறது.

ஹை-லோவில் ரன்னிங் கவுண்ட், அதாவது இதுவரை வந்த சீட்டுகளின் கூட்டு, +6 என்றால் அது பெரிதா சிறிதா என்று அப்படியே சொல்ல முடியாது. 5 கட்டு பாக்கி இருக்கும்போது +6 சாதாரணம். 2 கட்டு பாக்கி இருக்கும்போது அதே +6 பெரிய விஷயம். அதனால்தான் பாக்கிக் கட்டால் வகுத்து ட்ரூ கவுண்ட் எடுக்கிறார்கள். நாக்-அவுட்டில் சீட்டு போகப் போக எண்ணிக்கை தானாக மேலே ஏறிக்கொண்டே வரும். ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தொட்டால் பந்தயத்தைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

6 கட்டுக்கு −24-ல் தொடங்குங்கள். −4 வந்தால் உங்களுக்குச் சாதகம் தொடங்குகிறது. +3 வந்தால் இன்சூரன்ஸ் எடுக்கலாம் (சீட்டுப் போடும் டீலருக்கு ஏஸ் திறந்திருக்கும்போது, மூடிய சீட்டு பத்து என்று வைக்கும் பக்கப் பந்தயம்). ஓலாஃப் வன்குராவும் கென் ஃபுக்ஸும் 1998-ல் கொண்டுவந்த முறை இது.

ரெட் செவனில் 7-ன் நிறம் வேறு பார்க்க வேண்டும். அதை விட்டுவிடுங்கள். ஏஸ்-ஃபைவ் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

ஜனவரி 12, காலை

மேலே ஒரு எண்ணைத் தவறாகக் கொடுத்துவிட்டேன். 6 கட்டுக்குத் தொடக்கம் −24 இல்லை, −20. கட்டு எண்ணிக்கையை 4-ஆல் பெருக்கி, அதை 4-லிருந்து கழிக்க வேண்டும். 1 கட்டுக்கு 0, 2 கட்டுக்கு −4, 6 கட்டுக்கு −20, 8 கட்டுக்கு −28. தூக்கக் கலக்கத்தில் அந்த முதல் 4 விட்டுப்போனது. −24-ல் தொடங்கிவிட்டு −4-க்காகக் காத்திருந்தால் நல்ல சீட்டு பாதி போன பிறகுதான் பந்தயத்தைக் கூட்டுவீர்கள். நேற்று படித்துக் குறித்துவைத்தவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.

ஜனவரி 12, மாலை

எண்ணுவதால் என்ன மாறுகிறது என்பதைச் சொல்லாமலே முறையைச் சொல்லிவிட்டேன். அது தெரியாமல் எண்ணினால் எண்ணுவதில் நம்பிக்கை வராது, இரண்டாம் மணி நேரத்தில் விட்டுவிடுவோம்.

ஒற்றைக் கட்டிலிருந்து ஒரே ஒரு 5-ஐ எடுத்து வெளியே வைத்தால் ஆடுபவருக்குச் சுமார் 0.69 சதவீதம் கூடுகிறது. ஒரு ஏஸை எடுத்தால் சுமார் 0.6 சதவீதம் குறைகிறது. 8-ஐ எடுத்தால் கிட்டத்தட்ட ஒன்றும் ஆவதில்லை. இந்த ரீதியில் ஒவ்வொரு சீட்டுக்கும் கணக்கு உண்டு. பீட்டர் கிரிஃபின் என்ற கணிதப் பேராசிரியர் இதில் நிறைய உழைத்திருக்கிறார்.

5 ஏன் அவ்வளவு கெட்டது? டீலர் 12 முதல் 16 வரை வைத்துக்கொண்டு கட்டாயம் இன்னொரு சீட்டு எடுத்தாக வேண்டும். அந்த இடத்தில் 5 வந்தால் 12 என்பது 17 ஆகும், 16 என்பது 21 ஆகும். எந்தக் கையையும் காப்பாற்றிவிடும். 10 வந்தால் ஐந்து கையும் 21-ஐத் தாண்டி உடையும். நாம் நிறுத்திக்கொள்ளலாம், டீலர் நிறுத்த முடியாது. இந்த வித்தியாசம்தான் மொத்த வியாபாரமும். ஏஸும் 10-ம் நிறைய இருந்தால், முதல் இரண்டு சீட்டில் ஏஸும் பத்தும் சேர்ந்து வரும் பிளாக்ஜாக் இரண்டு பக்கமும்தான் கூடும், ஆனால் நமக்கு 2 வைத்தால் 3 கிடைக்கும், டீலருக்கு ஒன்றுக்கு ஒன்றுதான்.

கணிதவியலாளர் எட்வர்ட் தோர்ப் எம்ஐடியில் இருந்தபோது ஐபிஎம் 704 கணினியில் போட்டுப் பார்த்தது இதைத்தான். 1962-ல் அவர் எழுதிய புத்தகத்தில் முதலில் காட்டிய முறையே 5-ஐ மட்டும் எண்ணுவது.

ஜனவரி 15

"எளிமை எளிமை என்கிறீர்களே, கஷ்டமான முறையில் லாபம் அதிகம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் அந்த வழியாகத்தான் வந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் முதலில் கற்றது ஹை-ஆப்ட் டூ. 2, 3, 6, 7 வந்தால் +1, 4, 5 வந்தால் +2, பத்துகள் (10, ஜாக், ராணி, ராஜா) எல்லாம் −2. ஏஸ் பூஜ்யம், ஆனால் அதைத் தனியாக எண்ண வேண்டும். காகிதத்தில் அழகான முறை. ஆட்டத்தை மாற்றி ஆடும் முடிவுகளில் ஹை-லோவைத் தெளிவாக முந்துகிறது. நாலு மாதம் வீட்டில் பயிற்சி செய்தேன். ஏஸ் எண்ணிக்கையைப் பாதத்தில் வைத்துக்கொள்ளப் பழகினேன். இடது பாதம் தட்டையாக இருந்தால் ஒன்று, குதிகால் தூக்கினால் இரண்டு, விரல் தூக்கினால் மூன்று, உள்பக்கம் சாய்த்தால் நாலு, பிறகு வலது பாதம்.

மேசையில் முதல் நாள் நாற்பது நிமிடம் தாங்கியது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து போகும்போது நாற்காலியை இழுத்தார். நான் காலை நகர்த்தி வழி விட்டேன். ஏஸ் எத்தனை என்பது அந்த நொடியில் போய்விட்டது. அதைத் தேடப் போனதில் முக்கிய எண்ணிக்கையும் போனது. எழுந்து வர மனமில்லாமல் ஊகத்தில் பந்தயம் வைத்தேன். அந்த ஷூவில்தான் அன்றைய நஷ்டத்தின் பெரும்பகுதி. சீட்டு மோசமாக வந்தது என்று அன்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்த ஷூவில் எனக்குச் சாதகம் இருந்ததா இல்லையா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அதுதான் என்னை மிகவும் வருத்தியது.

ஆறு கட்டு ஷூவில் நம் லாபத்தின் பெரும்பகுதி எப்போது கூடுதலாகப் பந்தயம் வைக்கிறோம் என்பதிலிருந்துதான் வருகிறது. சீட்டுக்கேற்ப ஆட்டத்தை மாற்றுவதில் வருவது குறைவு. பந்தயம் வைக்கும் நேரத்தை ஒரு முறை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. முழுச் சரி என்றால் 1. ஹை-லோ 0.97, நாக்-அவுட் 0.98. தனி ஏஸ் கணக்கு இல்லாத ஹை-ஆப்ட் டூ 0.91. இதைப் பார்த்தபோது நாலு மாத உழைப்பு எதற்கு என்று தோன்றியது. ஒற்றைக் கட்டு ஆடுபவருக்குக் கதை வேறு, அங்கே கஷ்டமான முறைக்கு மரியாதை உண்டு. கேள்வி 6 கட்டைப் பற்றியது.

ஜனவரி 16

பயிற்சி எப்படி என்று கேட்டவருக்கு.

ஒவ்வொரு சீட்டாக எண்ணாதீர்கள். ஜோடியாகப் பாருங்கள். ஒரு சுற்றை அப்படியே எழுதுகிறேன், ஹை-லோவில். முதல் ஆளுக்கு ராஜா, 5. அடித்துப்போயிற்று, 0. அடுத்தவருக்கு 6, 3. +2. எனக்கு 10, 2. அடித்துப்போயிற்று. டீலர் திறந்து வைத்தது 9. இன்னும் +2-தான். முதல் ஆள் 15-க்கு ஒன்று கேட்கிறார், 6 வருகிறது, 21. எண்ணிக்கை +3. அடுத்தவர் 9-க்குக் கேட்கிறார், 8 வருகிறது, 17-ல் நிறுத்துகிறார். மாற்றமில்லை. என் 12-க்கு 4 வருகிறது, +4. 16, எதிரே 9, இன்னும் கேட்டாக வேண்டும். ராணி. உடைந்தது. +3. டீலர் மூடியதைத் திறக்கிறார், ராஜா, 19. சுற்று முடிந்தபோது +2. பன்னிரண்டு சீட்டு போயிருக்கிறது, ஆனால் மனத்தில் "இரண்டு, மூன்று, நாலு, மூன்று, இரண்டு" மட்டும்தான் ஓடியது.

வீட்டில் ஒரு கட்டை எடுத்து இரண்டிரண்டாகத் தள்ளுங்கள். முடிவில் ஹை-லோ என்றால் 0, நாக்-அவுட்டை 0-லிருந்து தொடங்கினால் +4, ரெட் செவனை 0-லிருந்து தொடங்கினால் +2 வர வேண்டும். 30 நொடிக்குள் முடிக்கப் பழகுங்கள். அதற்கும் மேலே ஒரு சோதனை: பார்க்காமல் மூன்று சீட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மீதியை எண்ணுங்கள். ஹை-லோவில் முடிவு +1 வந்தால் அந்த மூன்றின் கூட்டு −1 ஆக இருக்க வேண்டும். திருப்பிப் பாருங்கள். விடை எனக்கே முன்கூட்டித் தெரியாது என்பதால் இதில் ஏமாற்றிக்கொள்ள முடிவதில்லை.

அப்புறம், தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுச் செய்யுங்கள். பேச்சுக் கொடுக்க யாரையாவது பக்கத்தில் உட்காரவையுங்கள். மேசையில் பேச்சில்லாத நேரமே கிடையாது.

ஜனவரி 20

ஏஸ்-ஃபைவ். 5 வந்தால் +1, ஏஸ் வந்தால் −1, மற்றது எதையும் பார்க்க வேண்டாம். மைக்கேல் ஷாக்கிள்ஃபர்ட் பரப்பியது. எண்ணிக்கை +2 அல்லது அதற்கு மேல் இருந்தால் பந்தயத்தை இரட்டியுங்கள், உங்கள் உச்சவரம்பு வரை. +1 அல்லது கீழே வந்தால் குறைந்தபட்சத்துக்கு இறங்குங்கள்.

எண்ணிப் பழகவே பழகாதவருக்கு முதல் படியாக நல்லது. லாபத்துக்கு என்றால் பலவீனம். பதிமூன்று வகைச் சீட்டில் இரண்டைத்தான் பார்க்கிறது. பத்துகளை விட்டுவிடுகிறது, ஒரு கட்டில் பதினாறு பத்துகள் இருக்கின்றன. கேள்வி கேட்டவர் அடிப்படை ஆட்டத்தையே மனப்பாடமாக வைத்திருக்கிறார், அவருக்கு இது போதாது.

ஹை-லோ தோர்ப் கண்டுபிடித்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை 1963-ல் முன்வைத்தவர் ஹார்வி டப்னர். ஜூலியன் பிரவுன் கணினியில் சீர்செய்தார். 1966-ல் தோர்ப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் வந்து உலகம் முழுக்கப் போனது. உழைத்தவர் பெயர் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜனவரி 27

இந்த வாரம் ஒரு வேலை செய்தேன். முதல் பதிலை அவ்வளவு உறுதியாக எழுதியது சரியா என்ற உறுத்தல் இருந்தது. ஆறு கட்டைக் கலைத்து, இருபது ஷூ போட்டேன். ஒவ்வொரு சுற்று முடிவிலும் நாக்-அவுட் எண்ணிக்கையையும், பாக்கிக் கட்டு எத்தனை என்பதையும் எழுதிவைத்தேன். பிறகு உட்கார்ந்து, அந்த எண்ணிக்கைக்கு வகுத்துப் பார்த்தால் உண்மையில் என்ன ட்ரூ கவுண்ட் என்று கணக்கிட்டேன்.

பிரச்சினை இருக்கிறது.

நாக்-அவுட்டில் +4 என்பது எப்போது வந்தாலும் ட்ரூ கவுண்ட் +4-தான். ஷூவின் தொடக்கமோ கடைசியோ, அது மாறாது. ஆனால் −4 அப்படி இல்லை. 5 கட்டு பாக்கி இருக்கும்போது −4 வந்தால் உண்மையில் அது +2.4. நல்ல சாதகம். 3 கட்டு பாக்கி இருக்கும்போது −4 என்றால் +1.3. பரவாயில்லை. ஒன்றரைக் கட்டு மட்டும் பாக்கி இருக்கும்போது அதே −4 உண்மையில் −1.3! சாதகம் காசினோ பக்கம் இருக்கும்போது நாம் பந்தயத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறோம்.

காரணம் எளிது. சீட்டு போகப் போக எண்ணிக்கை தானாக ஏறும் என்று மேலே எழுதினேன் அல்லவா, ஷூவின் கடைசியில் நல்ல சீட்டு மிச்சமில்லாமலேகூட அது −4-க்கு வந்து சேர்ந்துவிடும். எண்ணிக்கை ஏறியது சீட்டு நன்றாக இருப்பதாலா, நேரம் ஆனதாலா என்று அந்த எண் சொல்வதில்லை.

வகுத்தல் போகவில்லை. வேறு இடத்தில் ஒளிந்துகொண்டது. "மற்றதை யோசிக்கவே வேண்டாம்" என்று நான் எழுதியிருக்கக் கூடாது.

ஜனவரி 28

பயந்து நாக்-அவுட்டைக் கைவிட வேண்டாம். ஒரு திருத்தம் போதும். பாதி ஷூ போன பிறகு −4-க்குப் பதிலாக 0 வரும்வரை காத்திருங்கள். 2 கட்டு பாக்கியில் 0 என்றால் ட்ரூ கவுண்ட் +2. ஒன்றரைக் கட்டு பாக்கியில் 0 என்றாலும் +1.3 இருக்கிறது. பாதி ஷூ போனதா என்பதைக் கழித்த சீட்டு அடுக்கும் தட்டைப் பார்த்தாலே தெரியும்.

ஜனவரி 28, கொஞ்சம் கழித்து

தட்டைப் பார்த்துப் பாதி போனதா என்று சொல்ல முடியுமென்றால் வகுப்பதற்கும் முடியுமே என்று ஒருவர் உடனே பிடித்துவிட்டார். உண்மைதான். ஹை-லோவை நான் அளவுக்கு மீறிப் பயமுறுத்தியிருக்கிறேன்.

பாக்கிக் கட்டைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அரைக் கட்டு வித்தியாசம் இருந்தால் பெரிய கேடு இல்லை. ரன்னிங் கவுண்ட் +9, பாக்கி 3 கட்டு என்றால் +3. மூன்றரை என்று தப்பாக எடுத்தால் +2.6. ஷூவின் கடைசியில்தான் கவனம் வேண்டும். +6-ம் ஒன்றரைக் கட்டும் என்றால் +4, அதையே 2 கட்டு என்று எடுத்தால் +3. தப்பினால் குறைந்த பக்கம் தப்புவது நல்லது.

வீட்டில் ஒரு கட்டு, இரண்டு கட்டு, மூன்று கட்டு என்று அடுக்கிவைத்து, தினமும் போகும்போதும் வரும்போதும் பாருங்கள். பத்து நாளில் கண் பழகிவிடும். எனக்கு மூன்றுக்கும் மூன்றரைக்கும் வித்தியாசம் தெரிய மூன்று வாரம் ஆனது.

பிப்ரவரி 2

ரெட் செவனை ஒரே வரியில் தள்ளிவிட்டேன். அது நான் இங்கே செய்த பெரிய தவறு.

ஆர்னால்ட் ஸ்னைடர் 1983-ல் வெளியிட்டது. ஹை-லோ மாதிரியேதான். ஆனால் சிவப்பு 7, அதாவது ஹார்ட்டின் 7-ம் டைமண்ட் 7-ம் வந்தால் +1. கறுப்பு 7 பூஜ்யம். ஒரு கட்டு முடிவில் +2 மிஞ்சும். கட்டுக்கு இரண்டு வீதம் கீழேயிருந்து தொடங்க வேண்டும், 6 கட்டுக்கு −12.

நாக்-அவுட்டுக்குப் போட்ட கணக்கையே இதற்கும் போட்டுப் பார்த்தேன். நாக்-அவுட்டில் ஷூவின் எந்த இடத்திலும் மாறாத எண் +4, அது ட்ரூ கவுண்ட் +4-ஐக் காட்டியது. ரெட் செவனில் மாறாத எண் 0. அது காட்டுவது ட்ரூ கவுண்ட் +2. 5 கட்டு பாக்கி இருந்தாலும் ஒன்றரைக் கட்டு பாக்கி இருந்தாலும் 0 என்றால் +2.

நல்ல விதிகள் உள்ள ஆறு கட்டு ஆட்டத்தில் காசினோவுக்குச் சுமார் அரை சதவீதம் சாதகம். ட்ரூ கவுண்ட் ஒன்று கூடினால் நமக்குச் சுமார் அரை சதவீதம் கூடுகிறது. ஆக +1-ல் சமம், +2-ல் அரை சதவீதம் நம் பக்கம். பந்தயத்தைக் கூட்டத் தொடங்க வேண்டிய இடமே +2-தான். அந்த இடத்தில்தான் ரெட் செவன் துல்லியமாக இருக்கிறது. நாக்-அவுட் +4-ல் துல்லியமாக இருக்கிறது, ஆனால் அது அபூர்வமாகத்தான் வரும்.

−12-லிருந்து எண்ணிக்கொண்டு போங்கள். கழித்தல் குறி போனால் பந்தயத்தைக் கூட்டுங்கள். தட்டைப் பார்க்க வேண்டாம், பாதி ஷூ விதி வேண்டாம். இதைக் கணக்கில் பார்த்தபோது நிஜமாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

நிறம் பார்ப்பது தொந்தரவு என்று நினைத்தேன். மேசையில் சீட்டைப் பார்க்கும்போது நிறம்தான் முதலில் கண்ணில் படுகிறது, எண் பிறகுதான். அதுவும் 7-க்கு மட்டும்தானே. பிடிக்காதவர்கள் எல்லா 7-க்கும் அரை அரையாகப் போடலாம், கணக்கு ஒன்றுதான்.

பிப்ரவரி 3

இன்சூரன்ஸ் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஆறு கட்டில், டீலரின் ஏஸ் தவிர வேறு எதுவும் தெரியாவிட்டால், மூடிய சீட்டு பத்தாக இருக்க 311-ல் 96 வாய்ப்பு. இரண்டு மடங்கு தருகிறார்கள் என்றால் சமமாக வர மூன்றில் ஒன்று வேண்டும். அது இல்லை, வைத்த பணத்தில் சுமார் 7.4 சதவீதம் போகும். எண்ணாதவர் ஒருபோதும் எடுக்கக் கூடாது, கையில் 20 இருந்தாலும். ஹை-லோவில் ட்ரூ கவுண்ட் +3, நாக்-அவுட்டில் +3, அங்கேதான் எடுக்கலாம். ஆட்டத்தை மாற்றும் இடங்களில் அதிக மதிப்புள்ளது இதுதான். பிளாக்ஜாக் ஆய்வாளர் டான் ஷ்லெசிங்கர் தேர்ந்தெடுத்த பதினெட்டு ஆட்ட மாற்றங்களில் இதற்கே முதலிடம். அடுத்தது, நம் கையில் 16, எதிரே டீலருக்கு 10: ஹை-லோவில் ட்ரூ கவுண்ட் 0 அல்லது மேலே இருந்தால் நிறுத்துங்கள். இந்த இரண்டோடு தொடங்கினால் போதும்.

பிப்ரவரி 9

நேற்று ஒருவர் "மூன்று நாள் ஒழுங்காக எண்ணினேன், மூன்று நாளும் தோற்றேன், முறை பொய்" என்று கோபமாக எழுதியிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் அப்படி ஒரு மாதம் இருந்தேன்.

ஒரு கையின் ஏற்ற இறக்கம் சுமார் 1.15 பந்தயம். 100 கை ஆடினால் சாதாரணமாகவே 11, 12 பந்தயம் மேலேயோ கீழேயோ போகலாம். சராசரியாக 1 சதவீதம் சாதகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அது தாராளமான எண். அந்த 100 கையில் எதிர்பார்ப்பது 1 பந்தயம். பன்னிரண்டு அடி அலையில் ஓர் அடி உயரத்தைத் தேடுகிறோம். 10,000 கை ஆடினால் எதிர்பார்ப்பு 100, ஏற்ற இறக்கம் 115. அப்போதும் நஷ்டத்தில் இருக்க ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. மணிக்கு 70 கை என்றால் 10,000 கைக்கு 140 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது ஒரே அளவு பந்தயம் வைத்தால். கூட்டிக் குறைத்து வைத்தால் அலை இன்னும் பெரிது.

வீட்டுச் செலவுப் பணத்தில் இதை ஆடவே கூடாது. எண்ணத் தெரிந்தவர் ஆடினாலும் இதே கணக்குதான். நான் ஒருமுறை ஒதுக்கிவைத்த பணம் தீர்ந்த பிறகு வேறு பணத்தைத் தொட்டேன். திரும்பிக் கிடைத்தது, ஆனால் அந்த இரண்டு வாரம் தூங்கவில்லை. பிறகு தனிக் கணக்கு வைத்தேன், அது தீர்ந்தால் நிறுத்தம்.

பிப்ரவரி 10

முறையைப் பற்றியே பேசுகிறோம், மேசையைப் பற்றிப் பேசவில்லை. பிளாக்ஜாக்குக்கு 5 வைத்தால் 6 மட்டும் தரும் மேசையில் உட்காராதீர்கள். சுமார் 21 கைக்கு ஒருமுறை பிளாக்ஜாக் வருகிறது. ஒவ்வொன்றிலும் பந்தயத்தில் 0.3 குறைகிறது. மொத்தத்தில் சுமார் 1.4 சதவீதம். அதை ஈடுகட்டவே ட்ரூ கவுண்ட் கூடுதலாகக் கிட்டத்தட்ட 3 வேண்டும். எந்த முறைக்கும் எந்த முறைக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் கிடையாது.

தொடர்ந்து கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம் உள்ள மேசையிலும் வேண்டாம். போன சீட்டு உடனே திரும்பிவிடுகிறது, எண்ண ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கைக்கும் புதிதாகக் கலைக்கும் கணினி ஆட்டமும் அப்படியே.

ஷூவின் கடைசியில் எவ்வளவு சீட்டை ஆடாமல் விடுவது என்று காட்டும் கட் கார்டு எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். ஆறில் இரண்டு கட்டுக்கு மேல் வெட்டி ஒதுக்கினால் எழுந்துவிடுங்கள்.

பிப்ரவரி 14

எண்ணுவது குற்றமா? மனத்துக்குள் எண்ணுவது நெவாடாவில் குற்றமில்லை, ஆனால் காசினோ உங்களை வெளியே போகச் சொல்லலாம். நியூ ஜெர்சியில் 1982-ல், சீட்டு எண்ணும் ஆட்டக்காரர் கென் அஸ்டன் தொடர்ந்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், எண்ணுகிறார் என்பதற்காகக் காசினோ தானாக ஒருவரைத் தடுக்க முடியாது என்றது. கருவி வைத்து எண்ணுவது வேறு. நெவாடாவில் 1985 முதல் அது குற்றம். கைபேசிச் செயலியும் கருவிதான். பயிற்சிக்கு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

என்னை ஒருமுறை கண்ணியமாகவே போகச் சொன்னார்கள். குறைந்தபட்சத்திலிருந்து நேரே பன்னிரண்டு மடங்குக்குத் தாவியிருந்தேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது, தாவியது தவறு. இப்போது இரண்டு, நாலு, எட்டு என்றுதான் ஏறுகிறேன்.

மார்ச் 1

கேள்வி கேட்டவர் ரெட் செவனை எடுத்திருக்கிறார். பத்து ஷூ, ஒவ்வொன்றிலும் 312 சீட்டையும் கடைசிவரை போட்டு எண்ணியிருக்கிறார். −12-ல் தொடங்கினால் 0-ல் முடிய வேண்டும். ஆறு ஷூ சரியாக முடிந்தது. நாலு ஷூ −1-ல் முடிந்திருக்கிறது. ஒருமுறைகூட +1 வரவில்லை.

இது நல்ல தகவல். சும்மா கவனம் தவறியிருந்தால் இரண்டு பக்கமும் தவறும். எப்போதும் −1 என்றால் ஏதோ ஒரு +1 தொடர்ந்து விட்டுப்போகிறது. என் கணிப்பு, பத்தோடு சேர்ந்து வரும் சிவப்பு 7. கை 17 ஆனதும் "முடிந்தது" என்று கண் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ராஜாவுக்கு −1 போட்டிருப்பீர்கள், 7-ஐப் பழைய பழக்கத்தில் பூஜ்யம் என்று விட்டிருப்பீர்கள். எனக்கும் முதல் வாரத்தில் இதே இடம்தான்.

கட்டிலிருந்து 7-களையும் பத்துகளையும் மட்டும் பிரித்தெடுங்கள். கலைத்து, இரண்டிரண்டாகத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு 7 ராஜாவோடு வந்தால் 0, கறுப்பு 7 ராஜாவோடு வந்தால் −1. இரண்டு மாலை இதை மட்டும் செய்துவிட்டு, மறுபடி பத்து ஷூ போட்டு என்ன வந்தது என்று எழுதுங்கள்.